நாளை என்னும் மரக்கலம்: சிங்கப்பூரில் வீட்டுப் பணியின் வரலாறு

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சிங்கப்பூரில் கிருமிப் பரவல் முறியடிப்பு நடவடிக்கை நடப்புக்கு வந்தது. இன்றியமையாப் பணிகள் நீங்கலாக ஏனைய பணியிடங்கள் மூடப்பட்டன. அதற்கு மறுநாள் பள்ளிகளும் முழுமையாக வீட்டிலிருந்தே கற்கும் முறைக்கு மாறின. ஜூன் 1ஆம் நாள் வரை நீடித்த அந்தக் காலத்தில் சமையலறை மேசை அலுவலகமாயிற்று. படுக்கையறையின் ஒரு மூலை வகுப்பறையாயிற்று. விரைவு ரயிலுக்காகவும் பேருந்துக்காகவும் நாள்தோறும் செலவான நேரம் பலருக்கு மீதமாயிற்று.

ஆனால், மீதமான நேரம் வேலையாக மாறவில்லை என்னும் குறை விரைவில் எழுந்தது. காலையில் எழுத எண்ணிய அறிக்கை நண்பகலுக்குத் தள்ளப்பட்டது; நண்பகலில் எண்ணியது இரவுக்குத் தள்ளப்பட்டது; இரவில் எண்ணியது நாளைக்குப் போயிற்று. திருத்த வேண்டிய கட்டுரைகள் கணினித் திரையில் காத்திருந்தன. நேரம் மிகுந்தும் பணி முடியாத இந்த நிலையைப் புதிய தொழில்நுட்பம் கொணர்ந்த புதிய நோயாகப் பலர் கருதினர். அவ்வாறு கருதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. வீடும் பணியிடமும் ஒன்றாக இருந்த வாழ்க்கை இந்நகருக்குப் பழையது. பிரிந்திருந்த வாழ்க்கையே பிற்காலத்தது. முன்னோர் வீட்டிலிருந்தே தொழில் செய்தபோது காலந்தாழ்த்தலை எவ்வாறு வென்றனர், அதற்கு என்ன விலை கொடுத்தனர் என்று ஆராய்வது இன்றைய ஆசிரியருக்கும் மாணவருக்கும் பயன் தருவதாகும்.

வள்ளுவர் காட்டும் இருவகைத் தாழ்ப்பு

தமிழர் இந்நோயை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். திருக்குறளில் மடியின்மை என்னும் அதிகாரம் இதற்கெனவே அமைந்தது. காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், உறக்கம் ஆகிய நான்கையும் வள்ளுவர் அங்கு ஒரு வரிசையில் வைக்கின்றார். கெடும் இயல்பினர் விரும்பி ஏறும் மரக்கலம் என்று அந்நான்கிற்கும் பொருள் கொண்டார் பரிமேலழகர். துறைமுக நகரில் வாழ்வோர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். மரக்கலத்தில் ஏறுபவன் தான் அமர்ந்த இடத்திலேயே இருப்பதாக எண்ணுகின்றான். ஆயினும் கரை அவனைவிட்டு அகன்றுகொண்டே போகின்றது. காலந்தாழ்த்துபவன் நிலையும் அதுவே.

வள்ளுவர் எல்லாத் தாழ்ப்பையும் கடிந்தாரல்லர். வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில், பொறுத்துச் செய்ய வேண்டியவற்றைப் பொறுத்தே செய்க என்றும், பொறுக்கலாகாதவற்றில் தாழ்க்காதே என்றும் பிரித்துரைக்கின்றார். ஆராய்ந்து காத்திருத்தல் வேறு. அஞ்சியோ சலித்தோ ஒதுக்கிவைத்தல் வேறு. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே சிங்கப்பூரின் வரலாற்றை நோக்க வேண்டும்.

கிட்டங்கியும் கடைவீடும்

1822ஆம் ஆண்டு நவம்பரில் நகரமைப்புக் குழுவுக்கு ராஃபிள்ஸ் அளித்த நெறிமுறைகளில் ஒன்று, வீடுகளின் முன்புறத்தில் தொடர்ச்சியான கூரையுள்ள நடைவழி அமைய வேண்டும் என்பதாகும். ஐந்தடி வழி எனப் பின்னர்ப் பெயர்பெற்றது இதுவே. அதனையொட்டி எழுந்த கடைவீடுகளில் கீழ்த்தளம் கடை, மேல்தளம் குடியிருப்பு. படியிறங்கினால் தொழில்; படியேறினால் உறக்கம். இவ்வாறு இந்நகரின் பெரும்பகுதி வீட்டிலிருந்தே உழைத்தது.

மார்க்கெட் ஸ்திரீட்டிலும் அதனையொட்டிய தெருக்களிலும் இருந்த செட்டியார் கிட்டங்கிகள் இவ்வாழ்க்கைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நீண்ட கூடத்தில் ஒவ்வொரு வட்டித் தொழில் நிலையத்தின் முகவரும் ஒரு சிறு மேசையும் பெட்டகமும் வைத்துத் தரையில் அமர்ந்திருப்பார். அருகிலேயே மற்றொரு நிலையத்தாரின் இடம். அவர்கள் ஒரே கூரையின்கீழ்த் தொழில் செய்தனர், அங்கேயே உண்டனர், அங்கேயே உறங்கினர். செட்டிநாட்டிலிருந்து முகவராக வந்தவர் பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்கு வந்தவர். தவணை முடிவில் ஊரிலிருந்த முதலாளிக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். ஆதலால் பேரேட்டைப் பின்னொரு நாள் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவைக்க முடியாது. இன்று விடுபட்ட வரவு மறுநாள் ஐந்தொகையைக் கோணலாக்கிவிடும்.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. கிட்டங்கியில் அடுத்தடுத்து அமர்ந்தவர்கள் ஒருவர்க்கொருவர் மேலதிகாரிகள் அல்லர். ஒருவர் கணக்கை மற்றவர் பார்ப்பதுமில்லை. எனினும், பக்கத்தில் ஒருவர் எழுதுகோலை எடுத்துவிட்டால் தாமும் எடுக்க வேண்டும் என்னும் உணர்வு அங்கு இயல்பாக இருந்திருக்கும். இக்காலத்தில் தனித்தனித் தொழில் செய்வோர் பணம் கட்டிப் பொதுப் பணிக்கூடங்களில் அமர்வதும், நண்பர் இருவர் திரைவழி ஒருவரையொருவர் பார்த்தபடி தத்தம் வேலையைச் செய்வதும் இப்பழைய ஏற்பாட்டின் மறுபிறப்பே எனலாம்.

தேக்கா காட்டிய காலக் கணக்கு

சிராங்கூன் சாலைப் பகுதியில் வேறுவகைக் கட்டுப்பாடு நிலவியது. இங்குச் சுண்ணாம்புச் சூளைகள் இருந்தமையால் தமிழர் இப்பகுதியைச் சுண்ணாம்புக் கம்பம் என்றழைத்தனர். நீர்வளமும் புல்வளமும் மாட்டுத் தொழிலை வளர்த்தன. பஃபலோ சாலை என்னும் பெயர் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கின்றது. பசுவை வளர்த்துப் பால் விற்றவர்க்கு வீடும் தொழுவமும் அருகருகே. காலை உறக்கம் இனிது என்பதற்காகப் பசுவின் மடி காத்திராது. விடியற்காலையில் கறந்தாக வேண்டும். பால் கெடுவதற்குள் வீடுதோறும் சேர்த்தாக வேண்டும்.

பூ கட்டுவோர் நிலையும் இத்தகையதே. கேம்பல் லேனிலும் பஃபலோ சாலையிலும் மாலை கட்டும் கடைகள் இன்றும் உள்ளன. 1855இல் எழுந்த ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலுக்கும் 1881இல் எழுந்த ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் செல்வோர் கைகளில் அம்மாலைகளைக் காணலாம். மல்லிகை மறுநாள்வரை காத்திராது. திருமண முகூர்த்தமும் காத்திராது. பூவின் வாடும் இயல்பே பூக்காரரின் கடிகாரம். தீபாவளிக்கு முன் நகையை முடித்துத் தர வேண்டிய பொற்கொல்லருக்கும், புத்தாடையைத் தைத்துத் தர வேண்டிய தையற்காரருக்கும் பண்டிகை நாளே கெடு.

ஐந்தடி வழியில் அமர்ந்து பிறருக்காகக் கடிதம் எழுதியோரும் ஒருவகையில் நடைவழியையே அலுவலகமாகக் கொண்டவர்கள். எழுதப் படிக்க அறியாத தொழிலாளி தன் ஊர்க் கவலையைச் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதினர். சொல்பவர் எதிரே நிற்கும்போது எழுதுபவர் காலந்தாழ்த்த இயலாது. 1845இல் பீ அண்டு ஓ நிறுவனத்தின் நீராவிக் கப்பலான ‘லேடி மேரி வுட்’ சிங்கப்பூருக்கு அஞ்சல் கொணர்ந்ததிலிருந்து ஒழுங்கான நீராவி அஞ்சல் போக்குவரத்து உருவாயிற்று. அஞ்சல் கப்பல் புறப்படும் நாள் வணிக நிலையங்களின் எழுதுகோல்களை விரைவுபடுத்தியது. அன்று சேராத கடிதம் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும்.

பால், பூ, பண்டிகை, எதிரே நிற்கும் மனிதர், புறப்படும் கப்பல் ஆகிய இவற்றையெல்லாம் ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். முன்னோர் பிறவியிலேயே சோம்பலற்றவர்களாக இருந்தமையால் வேலை நடந்தது என்பதன்று. வேலையை ஒத்திப்போட இடங்கொடாத சூழல் அவர்களைச் சூழ்ந்திருந்தது. இன்று வீட்டிலிருந்து அறிக்கை எழுதுவோர்க்கு அத்தகைய சூழல் இல்லை. கோப்பு வாடுவதில்லை; மின்னஞ்சல் புளிப்பதில்லை. அதனாலேயே அவை நாளைக்கு எளிதில் தள்ளப்படுகின்றன.

தறியும் தட்டும்

தமிழகத்தின் வீட்டுத் தொழில்களும் இவ்வுண்மையையே வலியுறுத்துகின்றன. காஞ்சிபுரம் முதலிய நெசவூர்களில் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். குழித்தறியில் அமர்பவரை அழைக்கச் சங்கு ஊதுவதில்லை. ஆயினும் நெசவின் ஒரு பகுதி தெருவுக்குரியது. பாவு நூலைத் தெருவில் நீளமாக விரித்துக் கஞ்சியிட்டுச் சீர்செய்யும் வேலையை விடியற்காலையில், வெயில் ஏறுமுன், பலர் கூடிச் செய்ய வேண்டும். ஒருவர் உறங்கினால் மற்றவர் வேலையும் தடைப்படும். தனித்துச் செய்யும் தொழிலில் கூடிச் செய்யும் ஒரு பகுதி இருந்தமை முழுத்தொழிலையும் ஒழுங்குபடுத்தியது.

திருநெல்வேலி வட்டாரத்தில் பெண்கள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுவதும் வீட்டுத் தொழிலே. இலையை நனைத்துப் பதப்படுத்தி, அது காய்ந்து நொறுங்குமுன் சுற்ற வேண்டும். சுற்றியதை எண்ணிக் கணக்குக் கொடுக்க வேண்டும். அடுப்பும் குழந்தையும் தட்டும் ஒரே அறையில் இருக்கும் அவ்வாழ்வில் சோம்பலுக்கு இடமில்லை; ஓய்வுக்கும் இடமில்லை. வீட்டிலிருந்து உழைப்பவரும் தொழிலாளரே என்பதை ஏற்று, இந்தியாவில் 1966இல் இயற்றப்பட்ட பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் அவர்களையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் வீட்டுப் பணிக்கெனத் தனி உடன்படிக்கையை 1996இல்தான் ஏற்றது.

ஐரோப்பிய வரலாறு இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. ஆலைகள் பெருகுமுன் இங்கிலாந்தில் வீட்டுத் தறியில் நெய்தவர்களும் பிற கைவினைஞர்களும் திங்கட்கிழமையைப் புனித நாள்போலப் போற்றி வேலையின்றிக் கழித்தனர். வார இறுதியில் இரவு பகலாக உழைத்து ஈடுசெய்தனர். வரலாற்றறிஞர் ஈ. பி. தாம்சன் 1967இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதனை விரிவாக விளக்கியுள்ளார். கெடு நெடுந்தொலைவில் இருந்தால் முதலில் ஓய்வும் இறுதியில் ஓட்டமும் என்பது எந்நாட்டு மனிதர்க்கும் இயல்பு என்பதனை அவ்வழக்கம் உணர்த்துகின்றது.

திங்கள்தோறும் வந்த இதழ்

அத்திங்கட்கிழமையையே தன் கெடுவாகக் கொண்ட ஒரு தமிழ் முயற்சி சிங்கப்பூரில் நடந்தது. சி. கு. மகுதூம் சாயபுவை ஆசிரியராகக் கொண்ட ‘சிங்கைநேசன்’ 1887ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் வெளிவந்தது. அன்று திங்கட்கிழமை. அதன்பின் வாரந்தோறும் திங்களன்று வெளிவந்து, 1890 வரை நீடித்தது. இந்தத் தீவில் தமிழ் படிப்போர் தொகை சிறிதாக இருந்த காலம் அது. எழுத்துக்கோத்து அச்சிடும் வேலையோ பெரிது. வாரத்தின் முதல் நாள் இதழ் படிப்போர் கையில் இருக்க வேண்டுமாயின், முந்தைய வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஒரு பகுதி வேலை முடிந்திருக்க வேண்டும்.

1935ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் ‘தமிழ் முரசு’ தொடங்கியது. கோ. சாரங்கபாணி அதனைப் பேணி வளர்த்தார். வார இதழாகப் பிறந்து நாளிதழாக வளர்ந்தபோது எழுதுவோர்க்குக் கெடுவும் நெருங்கிற்று. 1950களில் அவ்விதழின் மாணவர் மணிமன்றப் பகுதி இளையோரை எழுதத் தூண்டியது. பின்னாளில் பெயர்பெற்ற எழுத்தாளர் பலர் அங்குப் பயின்றவர்களே. அவர்களிற் பலர் பகலில் வேறு பணி புரிந்தவர்கள். அவர்களுக்கு எழுதும் நேரம் இரவு. எழுதும் இடம் வீடு. கதையை எழுது என்று கட்டளையிட அங்கு யாருமில்லை. எனினும், ஆசிரியர் ஒருவர் தம் எழுத்தை எதிர்பார்த்திருக்கின்றார், வாசகர் ஒருவர் அடுத்த இதழைத் திறக்கப்போகின்றார் என்னும் எண்ணமே அவர்களை மேசையின்முன் அமர்த்தியது. சிங்கப்பூர்த் தமிழிலக்கியத்தின் பெரும்பகுதி இத்தகைய வீட்டுப் பணியால் உருவாயிற்று என்பதனை மாணவர் மறத்தலாகாது.

வீடும் வேலையும் பிரிந்த காலம்

கடைவீட்டு வாழ்க்கையைப் புகழ்ந்து நிறுத்துவது முழு வரலாறு ஆகாது. கடையிலேயே உண்டு கடையிலேயே உறங்கிய சிப்பந்திக்கு வேலை முடியும் நேரம் என்று ஒன்றில்லை. கதவைத் தட்டும் வாடிக்கையாளர் எந்நேரமும் வரலாம். முதலாளி எந்நேரமும் அழைக்கலாம். அவர் காலந்தாழ்த்தாமைக்கு அச்சமும் ஒரு காரணம். 1957இல் கடைச் சிப்பந்திகளுக்கெனவும் எழுத்தர்களுக்கெனவும் தனித்தனிச் சட்டங்கள் வந்தன. 1968ஆம் ஆண்டின் வேலை நியமனச் சட்டம் அவற்றின் இடத்தைப் பெற்று, வேலை நேரத்திற்கு வரம்பும் வாரத்தில் ஓய்வு நாளும் வகுத்தது. வேலை எப்போது தொடங்கும் என்பதைப் போலவே எப்போது முடியும் என்பதும் உழைப்பவரின் உரிமையாயிற்று.

இதே காலத்தில் வீடும் பணியிடமும் பிரிந்தன. 1960ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. 1961 முதல் ஜூரோங்கின் சதுப்பு நிலங்கள் தொழிற்பேட்டையாக மாறத் தொடங்கின. அடுக்குமாடியில் உறங்கி, பேருந்தில் சென்று, ஆலையில் உழைத்துத் திரும்பும் தலைமுறை உருவாயிற்று. 1972இல் தேசிய உற்பத்தித்திறன் வாரியம் அமைந்தது. 1982இல் டீமி என்னும் தேனீ உற்பத்தித்திறன் இயக்கத்தின் சின்னமாகி, சுறுசுறுப்பையும் கூட்டுழைப்பையும் மக்களுக்கு நினைவூட்டியது.

கடிகாரமும் அரசின் ஆணைக்கு உட்பட்டது. 1905இல் சிங்கப்பூர் நேரம் கிரீன்விச் நேரத்திற்கு 7 மணி முன்னதாக வகுக்கப்பட்டது. 1933இல் 20 நிமிடமும் 1941இல் மேலும் 10 நிமிடமும் கூட்டப்பட்டன. 1942இல் ஜப்பானியர் ஆட்சி தோக்கியோ நேரத்தைத் திணித்தது. 1945இல் பழைய நேரம் மீண்டது. 1982ஆம் ஆண்டு பிறந்தபோது கடிகாரங்கள் அரைமணி முன்னே நகர்த்தப்பட்டு, இன்றுள்ள 8 மணி வேறுபாடு நிலைபெற்றது. கடிகார முள்ளை ஆணையால் நகர்த்தலாம். ஆனால் ஒருவர் மேசையின்முன் அமர்ந்து முதல் வரியை எழுதுவதை எந்த ஆணையாலும் நிகழ்த்த முடியாது. ஆலைச் சங்கும் அலுவலக வருகைப் பதிவும் அவ்வேலையைச் சிலகாலம் செய்தன. அவை இல்லாத இடத்தில் என்ன நிகழும் என்பதை விளக்கியவர் சிங்கப்பூரில் வாழ்ந்த ஓர் அறிஞரே.

புக்கிட் தீமாவில் பிறந்த ஒரு விதி

1949இல் சிங்கப்பூரில் நிறுவப்பட்ட மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1950 முதல் 1958 வரை வரலாற்றுத் துறையின் ராஃபிள்ஸ் பேராசிரியராக விளங்கியவர் சி. நார்த்கோட் பார்க்கின்சன். புக்கிட் தீமா வளாகத்தில் அவர் பணியாற்றிய அந்நாளில், 1955ஆம் ஆண்டு நவம்பரில், லண்டன் ‘எக்கனாமிஸ்ட்’ இதழில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்படுகின்றதோ அவ்வளவு நேரத்தையும் நிரப்புமாறு அவ்வேலை விரிந்துவிடும் என்பது அவர் கண்ட விதி. இன்று உலகெங்கும் அது பார்க்கின்சன் விதி என்று வழங்குகின்றது.

அவர் காட்டிய முதல் எடுத்துக்காட்டு அலுவலகத்தைப் பற்றியதன்று, வீட்டைப் பற்றியது. ஓய்வாக வீட்டிலிருக்கும் மூதாட்டி ஒருவர் உறவினப் பெண்ணுக்கு அஞ்சலட்டை ஒன்று எழுத எண்ணுகின்றார். அட்டையைத் தேட ஒரு மணி, மூக்குக்கண்ணாடியைத் தேட ஒரு மணி, முகவரியைத் தேட அரைமணி என அவருடைய நாள் முழுவதும் கழிகின்றது. வேலை மிகுந்த ஒருவர் அதே அட்டையைச் சில நிமிடங்களில் எழுதி முடித்துவிடுவார். பார்க்கின்சன் அங்கிருந்து அரசு அலுவலகங்களுக்குச் செல்கின்றார். 1914க்கும் 1928க்கும் இடையில் பிரிட்டிஷ் கடற்படையின் பெரும் போர்க்கப்பல்கள் 62இலிருந்து 20ஆகக் குறைந்தபோதும், கடற்படைத் தலைமையகத்தின் அலுவலர் தொகை 2000இலிருந்து 3569ஆகப் பெருகியதை அவர் எடுத்துக்காட்டினார். நகைச்சுவையாக எழுதப்பட்டதாயினும் அக்கட்டுரையின் உண்மை மறுத்தற்கரியது. பயண நேரம் மீதமாகியும் வேலை முடியாமற்போன 2020ஆம் ஆண்டின் புதிர், அதற்கு 65 ஆண்டுகளுக்கு முன்பே இந்நகரில் வாழ்ந்தவரால் விடுவிக்கப்பட்டிருந்தது.

மீண்டும் வீட்டுக்கு வந்த வேலை

கிருமிப் பரவலுக்கு முன்னரே வேலை வீடு திரும்பத் தொடங்கியிருந்தது. வீட்டையே சிறு அலுவலகமாகப் பதிவுசெய்துகொள்ளும் வீட்டு அலுவலகத் திட்டம் 2003இல் அறிமுகமாயிற்று. கழக வீடுகளிலும் தனியார் வீடுகளிலும் வாழ்ந்தோர் அதனைப் பயன்படுத்தினர். கடைவீட்டின் மேல்தளமும் கீழ்த்தளமும் இப்போது ஒரே தளத்தில், ஒரே அறையில் கலந்தன. 1989இல் லிட்டில் இந்தியா மரபுடைமை காக்கும் வட்டாரமாக அறிவிக்கப்பட்டமையால் பழைய கடைவீடுகளின் முகப்புகள் காக்கப்பட்டன. அவை வளர்த்த வாழ்க்கைமுறையோ அடுக்குமாடியில் வேறுவடிவில் உயிர்த்தெழுந்தது.

2020இல் அது தேர்வாக இல்லாமல் கட்டாயமாயிற்று. தமிழாசிரியர்கள் ஏப்ரல் 8 முதல் திரைவழியே பாடம் நடத்தினர். ஜூன் மாத விடுமுறை மே 5ஆம் நாளுக்கு முன்னகர்த்தப்பட்டது. பாடவேளை மணி ஒலிக்காத வீட்டில் மாணவர் தாமே தமக்கு மணியடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. தனியறை உடையவர்க்கும், கூடத்தில் நால்வரோடு ஒரு மேசையைப் பகிர்ந்தவர்க்கும் நிலைமை ஒன்றன்று. அடுப்பு வேலையும் அலுவலக வேலையும் ஒருங்கே சுமந்த தாய்மாரின் தாமதத்தைச் சோம்பல் என்று கூறுவது அறமாகாது. வள்ளுவர் பிரித்துக் காட்டிய இருவகைத் தாழ்ப்பை ஆசிரியர்கள் இங்கும் பிரித்தறிய வேண்டும். செய்ய இயலாமல் தாழ்த்தவரையும் செய்ய விரும்பாமல் தாழ்த்தவரையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் முதல் ஊழியர் அனைவரும் பணியிடம் திரும்ப இசைவு கிடைத்தது. ஆயினும் வீட்டுப் பணி மறையவில்லை. நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளுக்கு ஊழியர் விண்ணப்பிப்பதையும் முதலாளி அதனை முறையாகப் பரிசீலிப்பதையும் பற்றிய முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் 2024ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தன. ஆகவே வீட்டிலிருந்து உழைப்பது ஒரு நெருக்கடிக் கால நினைவாக முடிந்துவிடவில்லை. இன்றைய மாணவர் நாளை மேற்கொள்ளப்போகும் வாழ்க்கைமுறையின் ஒரு பகுதியாகவே நிற்கின்றது.

வரலாறு வழங்கும் வழிகள்

இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க வழிகள் தெளிவானவை.

முதலாவது, ஒருவருடைய எதிர்பார்ப்போடு வேலையைப் பிணைத்தல். கடிதம் எழுதுபவர் எதிரே தொழிலாளி நின்றார். எழுத்தாளருக்கு எதிரே இதழாசிரியர் இருந்தார். வீட்டிலிருந்து உழைப்பவரும், இன்ன நேரத்தில் இதனைத் தருகின்றேன் என்று ஒருவரிடம் சொல்லிவைத்தல் நலம். மனத்துள் செய்துகொண்ட உறுதி எளிதில் கரையும். பிறர் செவியில் விழுந்த உறுதிக்கு வலிமை மிகுதி.

இரண்டாவது, பெருவேலையைக் கூறுபடுத்திச் சிறுகெடுக்களை வைத்தல். டான் ஏரியலி, கிளாஸ் வெர்டன்புரோக் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை செய்கின்றது. பிழைதிருத்தும் வேலை கொடுக்கப்பட்டவருள், சீரான இடைவெளியில் கெடு விதிக்கப்பட்டவர்கள் சிறப்பாகச் செய்தனர்; தாமே கெடு வகுத்துக்கொண்டவர்கள் அடுத்து நின்றனர்; இறுதியில் ஒரே கெடுவுடன் விடப்பட்டவர்கள் பின்தங்கினர். ‘சிங்கைநேசன்’ வாரந்தோறும் வெளிவந்ததும், கிட்டங்கியில் பேரேடு தவறாமல் எழுதப்பட்டதும் இவ்வழியே. ஆண்டிறுதியில் ஒப்படைக்க வேண்டிய நீண்ட கட்டுரையை மாணவரிடம் தரும் ஆசிரியர், இடையிடையே நான்கு சிறுகெடுக்களையும் தருவாராயின் பாதித் தடை நீங்கும்.

மூன்றாவது, இடத்தையும் துணையையும் வகுத்தல். கடைவீட்டில் படி ஒன்று இருந்தது. அதில் இறங்குவதே வேலையின் தொடக்கம். அடுக்குமாடியில் அப்படி இல்லை. ஆதலால் மேசையின் ஒரு பக்கத்தையேனும் வேலைக்கென ஒதுக்கி, அங்கு அமர்ந்தால் வேலை, எழுந்தால் வீடு என்று பழக்க வேண்டும். கிட்டங்கியில் இருந்ததுபோல் உடனுழைக்கும் துணை ஒன்று அமையுமாயின் இன்னும் நன்று.

நான்காவது, தொடக்கத்தைப் போலவே முடிவையும் வகுத்தல். கடைச் சிப்பந்திகள் நெடுங்காலம் பெறாத உரிமை அது. முடிவில்லாத வேலைநாள் உழைப்பைப் பெருக்குவதில்லை. பார்க்கின்சன் காட்டிய மூதாட்டியின் நாளைப்போல் விரித்துவிடுகின்றது. இரவு முழுவதும் கையில் இருப்பதாக எண்ணுபவர் மாலையை வீணாக்குவார். ஆறு மணிக்கு மேசையை மூடுவேன் என்று உறுதிகொண்டவர்க்கு ஐந்து மணி அருமையாகத் தோன்றும்.

அலை ஓய்ந்தபின் தலை முழுகலாம் என்று கரையில் நிற்பவனைப் பழமொழி எள்ளி நகையாடுகின்றது. வீட்டில் ஓசை அடங்கியபின், மனம் தெளிந்தபின், நல்ல நேரம் வந்தபின் எழுதலாம் எனக் காத்திருப்பவனும் அவனே. தேக்காவின் பால்காரரும் பூக்காரரும் அலையின் நடுவே முழுகியவர்கள். ஆனால் அவர்களைத் தேவையும் அச்சமும் தள்ளின. இன்றைய தலைமுறைக்கோ தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமை கிடைத்துள்ளது. அவ்வுரிமை முந்தைய தலைமுறைகளின் ஓயாத உழைப்பாலும் அவர்கள் பெற்றுத்தந்த சட்டங்களாலும் வந்தது. அதனைக் காக்கத் தெரியாதவர்க்கு மேற்பார்வையாளரின் கண் திரைவழியே மீண்டும் வீட்டுக்குள் நுழையும். ஊழியரின் கணினி அசைவை எண்ணும் கருவிகள் ஏற்கெனவே உலகில் வந்துவிட்டன. பிறர் கண்ணுக்கு அஞ்சி உழைப்பதா, தாமே வகுத்த ஒழுங்கில் நின்று உழைப்பதா என்பதே இன்று வீட்டுப் பணியில் எழுந்துள்ள கேள்வி.

அதற்கு விடைகூறும் பயிற்சி வகுப்பறையிலேயே தொடங்கலாம். மாணவர் ஒருவர் வீட்டில் யாரும் ஏவாமல், தாம் குறித்த நேரத்தில், தாம் குறித்த ஒரு பக்கத்தை எழுதி முடிப்பாராயின் அவர் கட்டுரையோடு தன்னாட்சியையும் கற்றவராகின்றார். மரக்கலம் துறையில் ஆடிக்கொண்டேயிருக்கும். அதில் ஏறாமல் கரையில் நின்று தம் வேலையைத் தொடங்குவதற்கு அந்த ஒரு பக்கமே போதுமானது.